மிச்சமிருந்த ஒரு கார்டு

ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, துவைக்கப் போட்ட என் பேண்ட் பையிலிருந்து என் மனைவி ஒரு நீல அட்டையை எடுத்தாள். உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக். ஈரக் கையோடு கொண்டுவந்து, நான் டீ குடித்துக்கொண்டிருந்த மேஜையில் வைத்தாள்.

"இதைச் செலவு பண்ணாமலே வந்துட்டீங்களா?"

"தேவைப்படலை" என்றேன்.

"தேவைப்படலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. நான் சொன்ன வார்த்தையையே திருப்பிக் கேட்டுவிட்டுப் போனால்தான் பயம். முந்தின நாள் ஆட்டத்தை அவளும் போனில் பார்த்திருந்தாள்.

அந்த அட்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டிகளில் தனி அறை போட்டு, அதில் நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு விஷயத்தையும் வீடியோவில் பார்த்து நடுவருக்குச் சொல்வார்கள். எங்களுடையது பெண்கள் கால்பந்து, இரண்டாம் பிரிவு. எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? நாலு கேமரா, கோட்டுக்கு வெளியே கறுப்புத் துணி மூடிய ஒரு டிவி, அவ்வளவுதான். நடுவர் தானாகப் போய்ப் பார்க்க மாட்டார். பயிற்சியாளர் கேட்கவேண்டும். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத்துக்கு இரண்டு கார்டு. முடிவு தப்பு என்று தோன்றினால் விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு, கோட்டோரம் நிற்கும் ரிசர்வ் நடுவரிடம் ஒரு கார்டைக் கொடுக்கவேண்டும். கோல், பெனால்டி, சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது, இந்த நாலுக்கு மட்டும்தான் கேட்கலாம். நாம் கேட்டது சரியென்றால் கார்டு திரும்பி வரும், இல்லையென்றால் போச்சு. அதையும் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் கேட்டுவிடவேண்டும். பந்து உருண்ட பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது.

நான் கத்துகிற ரகம். தண்ணீர் பாட்டிலை உதைத்து அபராதம் கட்டியவன். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்: முதல் கார்டு கோபத்துக்கு, இரண்டாவது கடைசி ஐந்து நிமிடத்துக்கு. என் பெண்கள் இதை வைத்துக் கேலி செய்வார்கள். "சார் செத்தாக்கூட ரெண்டாவது கார்டு பைக்குள்ள பத்திரமா இருக்கும்" என்பாள் வாலு.

வாலு என் தங்கை மகள். பத்தொன்பது வயது. வீட்டில் என்னை மாமா என்பாள், மைதானத்தில் சார் என்பாள். தப்பு செய்தால் இரண்டு இடத்திலும் மாமாதான். எங்கள் கோலில் பாதி அவள் போட்டது. அவளுடைய தோழிதான் பூட்டு. தடுப்பாட்டக்காரி. அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் அந்தப் பெயர், அதிகம் பேசமாட்டாள் என்பதாலும்தான். பூட்டுக்கு இருபத்துநாலு. விடிகாலையில் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை. அதை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவாள். ஒருநாள்கூட தாமதமாக வந்ததில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இரண்டு பேரும் உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிடுவார்கள். இறுக்கமான ஒற்றைப் பின்னல், நுனியில் பச்சை ரிப்பன். அது இல்லாமல் இறங்கமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே உயரம். பின்னாலிருந்து பார்த்து நானே பலமுறை ஆள் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்த வருடம் ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து பூட்டின் ஆட்டத்தை மூன்று முறை பார்த்துவிட்டுப் போனார். ஒன்றாம் தேதி அவர்களுடைய முகாம் தொடங்குகிறது, நேராக வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். தங்க இடம், சம்பளம், எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, தடை எதுவும் இருக்கக்கூடாது. அவளுக்கு இருக்கும் வயதுக்கு இந்த வருடம் தவறினால் மறுபடி யாரும் கூப்பிடப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் நீடிப்போம். இல்லையென்றால் மூன்றாம் பிரிவு, பிறகு பாதிப் பெண்கள் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். முதல் கார்டை இருபதாவது நிமிடமே ஒரு பெனால்டிக்குக் கேட்டு இழந்துவிட்டேன். எழுபத்தோராவது நிமிடம், ஆளுக்கொரு கோல். எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். தலையால் முட்டக்கூடியவள் என்பதால் பூட்டும் முன்னால் போயிருந்தாள். பந்தை அவர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள், எல்லோர் கண்ணும் பந்தோடு போனது. என் கண் போகவில்லை. என் பெஞ்சுக்கு நேர் எதிரே, எதிரணிப் பெண் ஒருத்தி வாலுவின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். ஆட்டம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வாலு திரும்பினாள். முழங்கையை ஓங்கி மூக்கில் ஒரே இடி.

அந்தப் பெண் ரத்தத்தோடு விழுந்தாள். வாலு பயந்துபோய் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் இருந்த பூட்டு குனிந்து, விழுந்தவளைத் தூக்கப் பார்த்தாள். அலறல் கேட்டு நடுவர் திரும்பியபோது அவர் கண்ணில் பட்டது, விழுந்து கிடந்தவளுக்கு மேலே குனிந்திருந்த ஒரு முதுகும் பச்சை ரிப்பனும். தூரத்தில் இருந்த கோட்டு நடுவரும் காதுக் கருவியில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: "நம்பர் தெரியலை, பச்சை ரிப்பன்."

நடுவர் நேராக வந்து பூட்டுக்குச் சிவப்பு அட்டை காட்டினார்.

பூட்டு வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வாலுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

என் கை பேண்ட் பைக்குள் போய்விட்டது. கார்டைத் தொட்டும்விட்டேன். அந்த நேரத்தில் என் தலையில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். கேட்டால் பூட்டு உள்ளே வருவாள், வாலு வெளியே போவாள். எப்படியும் பத்துப் பேர்தான். ஆனால் பூட்டு இருந்தால் தோற்கமாட்டோம், வாலு இருந்தால்தான் ஜெயிப்போம். தங்கை மகள் என்பதும் எங்கோ ஓரமாக இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. பூட்டுக்கு அப்புறம் ஏதாவது செய்துகொள்ளலாம், அப்பீல் போடலாம், அந்தக் கிளப்காரரிடம் நானே பேசலாம் என்று நினைத்தேன்.

ரிசர்வ் நடுவர் என் பக்கம் திரும்பி, "கேக்கறீங்களா?" என்றார்.

"இல்லை" என்றேன். வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

எங்கள் அறைக்குப் போகும் கேட் எதிர்ப்பக்கம் இருந்தது, மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் போகவேண்டும். பூட்டு நடந்தாள். அவ்வளவு மெதுவாக ஒரு ஆள் நடந்து நான் பார்த்ததில்லை. எதிரணி ஆதரவாளர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர் இரண்டு முறை கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நடு வட்டத்தில் நின்று காலுறையை மேலே இழுத்துவிட்டாள். மறுபடி நடந்தாள்.

நான் பெஞ்சில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாருங்க. வெளிய போகும்போதும் டீமுக்காக நேரம் கடத்துறா. இதுக்குப் பேர்தான் மூளை." அவள் வாங்கித் தந்த அந்த நேரத்தில் மற்றவர்களைக் கத்திக் கூப்பிட்டு, யார் எங்கே நிற்கவேண்டும் என்று மாற்றி அடுக்கினேன். கேட்டருகே போனதும் அவள் ஒருமுறை நின்று திரும்பினாள். நான் அப்போது கத்துவதில் மும்முரமாக இருந்தேன். பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது.

எண்பத்து மூன்றாவது நிமிடம் வாலு கோல் போட்டாள். ஜெயித்துவிட்டோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். உடை மாற்றும் அறைக்குள் பாடிக்கொண்டே போன கூட்டம், உள்ளே பூட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் தலையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை ரிப்பனைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வாலுவைப் பார்த்து, "கோல் நல்லா போட்டியாமே" என்றாள். வாலு ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாலு கேட்டாள், "மாமா, நீங்க பாத்தீங்கதானே? நான்தான்னு சொல்லிடட்டுமா?"

"வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மூர்க்கமாக அடித்ததற்கு ஆறு ஆட்டம் தடை என்று இரண்டு நாளில் கடிதம் வந்தது. அடுத்த சீசனுக்கும் தொடரும். கிளப்காரருக்குப் போன் செய்தேன். "தடை போனா வரச் சொல்லுங்க சார், இல்லேன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மரியாதையாகவே வைத்துவிட்டார். பூட்டு தன் கைப்பட அப்பீல் எழுதிக் கொடுத்தாள். அதில், தான் அடிக்கவில்லை என்று மட்டும் இருந்தது. யார் அடித்தது என்று இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் வாலு வீட்டுக்கு வந்தாள். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு இருந்தது. "நானே பின்னிக்கிட்டேன்" என்றாள், யாரும் கேட்காமலே. சாப்பிடவில்லை. இவள் போய்ச் சேர்வதற்குள் என் தங்கை போன் செய்துவிட்டாள். "என்ன ஆச்சு அண்ணா இவளுக்கு? ஜெயிச்ச வீடு மாதிரியா இருக்கு?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

காலையில் என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "பையில வெச்சிருக்கேன்" என்றாள். தொட்டுப் பார்த்தேன். நீலக் கார்டு.

"இது இனிமே செல்லாதுடி."

"செல்லாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

சங்க அலுவலகம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மாடியில். கண்ணாடி போட்ட நீள மேஜை. கண்ணாடிக்கு அடியில் போன வருடத்து ஆட்ட அட்டவணை பழுத்துக் கிடந்தது. புது நாற்காலிகளின் பாலித்தீன் உறையை இன்னும் யாரும் கழற்றவில்லை, உட்கார்ந்தால் சத்தம் போட்டது. கமிட்டியில் மூன்று பேர். தலைவர், நடுவராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. அறுபது வயதுக்கு மேல். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் விசில் மாதிரி தொங்கவிட்டிருந்தார். பூட்டு எனக்கு முன்பே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிடங்குச் சீருடையிலேயே வந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அந்த மரியாதை எனக்குச் சுருக்கென்றது.

தலைவர் அம்மா காகிதத்தைப் புரட்டினார். "நீ அடிக்கலைன்னு எழுதியிருக்கே. அப்ப யாரு?"

"நான் பந்தைப் பாத்துக்கிட்டு இருந்தேங்க."

"உன் கோச் கையில ஒரு கார்டு மிச்சம் இருந்திருக்கு. ரிசர்வ் நடுவர் ரிப்போர்ட்ல இருக்கு. கேக்கறீங்களான்னு கேட்டிருக்காரு, இவர் இல்லைன்னிருக்காரு." என் பக்கம் திரும்பினார். "ஆள் மாறிப்போச்சுன்னு நீங்க கேட்டு, அது சரியா இருந்திருந்தா கார்டும் உங்களுக்கே திரும்பி வந்திருக்கும். நஷ்டமே இல்லை. அப்புறம் ஏன் கேக்கலை? அவதான் அடிச்சான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே இது?"

நான் வீட்டிலிருந்தே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் மூலையிலிருந்து பூட்டின் குரல் வந்தது.

"சார் பாக்கலைங்க. அவரு பெஞ்சுப் பக்கம் திரும்பி இருந்தாரு."

நான் தயார் செய்து வைத்திருந்ததும் அதேதான். வார்த்தைகூட மாறவில்லை.

தலைவர் அம்மா பேனாவை மூடினார். "பாக்கலைன்னா அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பாக்காதவங்களுக்காகத்தான் அங்க டிவி வெச்சிருக்கோம். கேக்க வாய்ப்பிருந்தும் கேக்காம விட்ட முடிவை இங்க உக்காந்து மறுபடி பாக்கறது இல்லை. அதுதான் விதி. தெரிஞ்சே மறைச்சிருந்தா மட்டும் விஷயம் வேற, அதுக்கு ஆட்டக்காரி பொறுப்பில்லை. ஆனா நாலு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், தெரிஞ்சேதான் மறைச்சேன்னு ஒரு கோச்சும் வந்து சொன்னது கிடையாது." காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். "அப்ப தடை அப்படியே இருக்கு."

பூட்டு தலையாட்டினாள். மேஜைமேல் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சிவப்பு அட்டை காட்டியபோது அவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. எனக்கு என்மேலேயே வந்த கோபத்தைப் போல் எந்த நடுவர்மேலும் வந்ததில்லை. ஆறு ஆட்டம் அவளுக்கு, தோள்மேல் ஊர்வலம் எனக்கு. இதே பெண் இப்போதும் எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள்.

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் வைத்தேன்.

"பாத்தேங்க" என்றேன். "என் கண்ணுக்கு நேரா நடந்தது. அடிச்சது என் தங்கச்சி பொண்ணு. இவ விழுந்தவளைத் தூக்கப் போனா. எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிஞ்சேதான் கேக்கலை. ஜெயிக்கணும்னு."

நாற்காலியின் பாலித்தீன் எங்கோ கரகரத்தது. தலைவர் அம்மா கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுதுகிறவரிடம், "லேப்டாப்பைத் திறங்க" என்றார். நாலு கேமராவில் ஒன்றில் எல்லாம் இருந்தது. ரத்தம் வருவதற்கு முன் ஒரு நொடி, வாலுவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன். சின்ன வயதிலிருந்து என் கண் முன்னே வளர்ந்த முகம்.

அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். பூட்டின் சிவப்பு அட்டை ரத்து. ஆறு ஆட்டம் வாலுவுக்கு. எனக்கு ஒரு வருடம் பயிற்சியாளர் உரிமம் கிடையாது, அதற்குமேல் நீட்டுவதா என்று பிறகு சொல்வார்களாம். கார்டை நான் எடுக்கப் போனேன். "அது இங்கயே இருக்கட்டும்" என்றார் தலைவர் அம்மா.

வெளியே வந்தபோது எனக்கு வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி இருந்தது. அவள் முகாமுக்குப் போகலாம். செய்ததைச் சரிசெய்துவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு. அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். படிக்கட்டு முனையில் நின்று கேட்டேன்:

"ஏம்மா எனக்காகப் பொய் சொன்னே?"

பூட்டு என்னைப் பார்த்தாள். பூட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. கால் பிசகி வீங்கியபோதுகூட அழாதவள்.

"பொய் இல்லை சார். நீங்க பாக்கலைன்னுதான் நான் நிஜமா நினைச்சேன்."

தோளில் இருந்த பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஆட்டம் தொடங்கிட்டா கேக்க முடியாதுல்ல. அதான் அன்னைக்கு அவ்வளவு மெதுவா நடந்தேன். சார் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு. நடுவுல நின்னுகூடப் பாத்தேன். கேட் வரைக்கும் போயும் திரும்பிப் பாத்தேன். நீங்க கேக்கலை. சரி, பாத்திருந்தா கேட்டிருப்பாரு, பாத்திருக்க மாட்டாருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். கீழே டைல்ஸ் கடையில் யாரோ கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வரேன் சார்" என்றாள். படியில் வேகமாக இறங்கிப் போனாள்.